முப்பத்தைந்தோடு மூடும் மைதானம்

தஞ்சாவூர் பெயரைச் சுமந்து திரியும் பொருட்களைக் கணக்கெடுத்தால் ஓவியம், கலைத்தட்டு, வீணை, தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை என்று வரிசை நீளும். எல்லாவற்றுக்கும் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. அந்த வரிசையில் யாரும் சேர்க்காத ஒன்று இருக்கிறது. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த ஒரு சின்னப் பந்து. ஐந்து சென்டிமீட்டர் விட்டம், முப்பது கிராமுக்கும் குறைவான எடை. பூப்பந்து.

1856-லேயே தஞ்சை அரச குடும்பத்தார் இதை ஆடியிருக்கிறார்கள். விளையாட்டு நூல்கள் பூப்பந்தின் கதையை அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 1855 அக்டோபரில் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். கம்பெனிக்காரன் அதைச் சாக்காக வைத்து நாட்டை எடுத்துக்கொண்டான். ஆள்வதற்கு ஊர் இல்லை, ஆனால் அரண்மனையும் ஆட்களும் நீண்ட சாயங்காலங்களும் மிச்சம். பொழுது போகாமல்தான் மட்டையைத் தூக்கியிருப்பார்கள் என்பது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள். ஊகம் சரியாக இருந்தால், பணி ஓய்வு பெற்றவர்கள் ஆடிய ஆட்டம் இது.

இன்றும் அப்படித்தான். விடிந்தும் விடியாத நேரத்தில் தஞ்சாவூரின் ஏதாவது ஒரு திடலுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு ஓரத்தில் வலை கட்டிப் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தால், அதில் பாதிப் பேர் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், மின்வாரியத்தில் இருந்தவர், உரக்கடை வைத்திருப்பவர். முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு பேர். பந்து தரையில் படக்கூடாது. அந்தரத்திலேயே திருப்ப வேண்டும். நடுவில் நிற்பவருக்குத்தான் ஓட்டம் அதிகம் என்பதால் அந்த இடம் கூட்டத்தில் இளையவருக்கு. இளையவர் என்றால் ஐம்பத்தைந்து. மார்கழிப் பனியில் பந்து ஈரம் குடித்துக் கனத்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் ஒருவர் அதை வேட்டி மடிப்பில் வைத்து உருட்டி உலர்த்துவார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. 29 புள்ளி ஆட்டத்தை 35 ஆக்கிவிட்டதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

"கோடு போட்டு, வலை கட்டி, எல்லாம் எங்க காசுதான் சார்" என்றார் அவர். "அதுல ஒண்ணும் குறை இல்ல. ஆனா வாரத்துக்கு ஒரு கூட்டம், ஒரு கண்காட்சின்னு பந்தக்கால் நட்டுட்டுப் போயிடுறாங்க. குழிய யாரும் மூடுறதில்ல. இந்த வயசுல ஒரு தடவ கால் உள்ள போச்சுன்னா அதோட சரி."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "அண்ணே, அதுக்காகத்தான் நான் காலைல வந்ததும் மொதல்ல ஒரு சுத்து சுத்தி மண்ணு தள்ளிடுறேன்."

அந்தப் பந்தக்கால் குழிதான் இந்த வாரப் பத்திக்குக் காரணம்.

நம் மாநிலத்தில் விளையாட்டுக்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. முதலமைச்சர் கோப்பை ஆண்டுதோறும் மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவு வரை நடக்கிறது. ஊராட்சிகளுக்கெல்லாம் 2024-ல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் என்று பை பையாக வந்து இறங்கின. ஆனால் கோப்பையின் பொதுப் பிரிவு விதியைப் பாருங்கள்: 15 முதல் 35 வயது வரை. பள்ளிக்கு ஒரு பிரிவு, கல்லூரிக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று, அரசு ஊழியர்களுக்கு ஒன்று. ஆக, தாலுகா அலுவலக எழுத்தர் ஐம்பது வயதிலும் இறங்கி ஆடலாம். அதே வயதில் ஒரத்தநாட்டு விவசாயிக்கு இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், உலகம் முழுக்க மூத்தோர் தடகளம் தொடங்குவதே அந்த முப்பத்தைந்தில்தான். 2025 நவம்பரில் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டியே நடந்தது. ஆசியாவின் மூத்தவர்களை அழைத்து ஓடவிட்ட மாநிலம், தன் ஊர்க்காரனை முப்பத்தைந்தில் ஓரமாக உட்காரச் சொல்கிறது.

அதற்கு மேல் வயதானவர்களுக்கு என்ன இருக்கிறது? நடை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' தொடங்கி, மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மருத்துவ முகாமும் உண்டு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரும் நடக்கச் சொல்கிறார், மகனும் நடக்கச் சொல்கிறான், அரசாங்கமும் நடக்கச் சொல்கிறது. மருந்துச் சீட்டில் எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கிறது. மாத்திரையை ஆசையாக முழுங்குபவர் யார்? அரைமணி நேர நடையில் எத்தனை பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பூப்பந்துக் கோர்ட்டில் மணி பார்ப்பவரை நான் கண்டதில்லை. ஏழரை மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தால்தான் உண்டு.

உடம்பு விஷயத்திலும் நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 65 தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் தசை வலுவையும் காக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. கீழே விழாமல் இருப்பதற்காகத்தான் அது. வயதான காலத்தில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். திரும்புவது, குனிவது, சட்டென்று நிற்பது, கண்ணும் கையும் ஒன்றாக ஓடுவது எல்லாம் ஆட்டத்தில் தானாக வந்துவிடுகின்றன. தோள்பட்டை வலியும் கூடவே வரும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பூப்பந்தில் முதன்முதலாக அர்ஜுனா விருது வாங்கியவர் வாரங்கல் பிச்சையா. 1970-ல் வாங்கினார், நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். ஆட்டம்தான் அவரை அத்தனை நாள் வாழவைத்தது என்று நான் அடித்துச் சொல்லப்போவதில்லை. கோர்ட்டில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பெரியவர்கள் ஆட இடம் கொடுத்த ஊர்கள் வெளிநாட்டில் உண்டு. ஜப்பானில் கேட்பால் என்று ஓர் ஆட்டம். 1947-ல் ஹொக்கைடோவில் ஒருவர் குழந்தைகளுக்காகக் கண்டுபிடித்தார். போர் முடிந்த காலம், பந்து செய்ய ரப்பர் கிடைக்கவில்லை, மரம்தான் நிறைய இருந்தது. மரச்சுத்தியால் பந்தைத் தட்டிச் சின்ன வளைவுகளுக்குள் விட வேண்டும். இதிலும் அணிக்கு ஐந்து பேர்தான். போகப் போக அது தாத்தா பாட்டிகளின் ஆட்டமாகி, ஊர்ப் பூங்காக்களில் அதற்கென்று இடம் ஒதுக்கும் அளவுக்கு வளர்ந்தது. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1930-லேயே எழுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு சாஃப்ட்பால் சங்கம் வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் கறுப்பு போ டை. ஆடிய இடம் நகரத்தின் பொதுப் பூங்கா மைதானம். இன்னும் ஆடுகிறார்கள். அங்கே நகராட்சி பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. இடத்தைக் கொடுத்தது, திரும்பப் பிடுங்கவில்லை.

பிடுங்காமல் இருப்பதுதான் நம் ஊரில் கஷ்டம். 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி, தன்னுடைய ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்போது கூச்சல் போட்டவர்கள் இளைஞர்களும் கட்சிக்காரர்களும். பெரியவர்கள் ஆடும் மூலையை எடுத்துக்கொண்டால் கூச்சல் போட ஆள் இருக்காது. மறுநாள் வந்து பார்ப்பார்கள், இடம் இல்லை என்று தெரிந்ததும் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

டெல்டாவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே திடலுக்குப் போட்டி, நெல். குறுவை அறுப்பானாலும் சம்பா அறுப்பானாலும் கிராமத்தில் காலியாகக் கிடக்கும் மேட்டு நிலம் எல்லாமே களம்தான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தள்ளிவைப்பார்கள். அந்தப் பயத்தில் ரோட்டிலேயே காயப்போடுகிறவன் விளையாட்டுத் திடலை விட்டுவைப்பானா? அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பந்தைவிட நெல் பெரியது. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊருக்கு ஊர் விளையாட்டுத் திடல் போட்டார்கள். சில ஊர்களில் அதில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, சில ஊர்களில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது, ஆட்டம் நடக்கும் ஊரும் இருக்கிறது. எனவே கிராமத்துக்கு ஒரு லீக் வைத்தால் அதற்குப் பருவம் வேண்டும். சம்பா அறுப்பு முடிந்து மாசி தொடங்கினால், மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறக்கும் வரை விவசாயிக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கும். வெயில் ஏறுமுன் காலை இரண்டு மணி நேரம். மாசியும் பங்குனியும் போதும்.

"வயல்ல வேலை செய்யறவனுக்கு எதுக்குய்யா தனியா விளையாட்டு?" என்று கேட்பார்கள். என் தாத்தா காலத்துக்கு அது சரி. இப்போது அறுப்பு மெஷினில், நடவும் பாதி மெஷினில். ஐம்பத்தைந்து வயதுக்காரர் வரப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்க்கிறார். சர்க்கரை அவர் வீட்டுக்கும் வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021-க்கான மத்திய அரசின் கணிப்பில் அது 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று.

இதுவரை நான் சொன்ன காட்சியில் ஒரு பெண்கூட இல்லை என்பதை வாசகிகள் கவனித்திருப்பீர்கள். திடலிலும் இல்லை. பள்ளி நாளில் மாவட்ட அணிக்கு ஆடிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். இப்போது பேரனை மைதானத்துக்குக் கூட்டிவந்து சுவரோரம் உட்கார்ந்திருப்பார். "நீங்களும் ஒரு கை போடலாமே" என்றதற்கு, "போங்க தம்பி, புடவையோட இங்க எல்லாரும் பாக்க..." என்று ஆரம்பித்தவர், கடைசியில் உண்மையான காரணத்தைச் சொன்னார்: "இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" மான் கவுர் தொண்ணூற்று மூன்று வயதில் ஓடத் தொடங்கி, 2017-ல் ஆக்லாந்தில் 101 வயதில் நூறு மீட்டர் தங்கம் வாங்கினார். அவரைப் பற்றி மகளிர் தினத்தன்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். சுத்தமான, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை கட்டி, காலை ஐந்தரைக்கே பூட்டைத் திறந்துவைத்தால் அந்த அம்மா மட்டையை எடுப்பார். நூல்கண்டு மாதிரி சுருட்டிவைத்த அந்தக் கையில் ஆட்டம் இன்னும் இருக்கிறது. பேரனுக்குப் பந்து எறிந்து கொடுக்கும்போதே தெரிகிறது.

தஞ்சாவூர் மாநகராட்சிக்கு 51 வார்டு, கும்பகோணத்துக்கு 48. வார்டுக்கு ஒரு ஸ்டேடியம் யாரும் கேட்கவில்லை. பூப்பந்துக் கோர்ட் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு மூட்டை சுண்ணாம்பு. மாநகராட்சிப் பள்ளி மைதானங்கள் காலை எட்டு மணி வரை பூட்டித்தானே கிடக்கின்றன? அவற்றில் பத்தையாவது காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை பெரியவர்களுக்கு என்று எழுத்தில் ஒதுக்கிக் கொடுக்கட்டும். எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ச்மேன் தயவில் நடக்கிற வரை அது ஏற்பாடு ஆகாது. மைதானத்தைக் கூட்டத்துக்கு வாடகைக்கு விட்டால், குழி மூடிச் சமப்படுத்திய பிறகுதான் முன்பணத்தைத் திருப்பித் தருவோம் என்று ரசீதிலேயே அச்சடிக்கட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் மாதம் ஒருநாள் அங்கேயே வந்து ரத்த அழுத்தம் பார்த்தால் வீடு வீடாக அலைகிற அலைச்சல் குறையும். லீக் நடத்த ஆள் வேண்டாம். அட்டவணை போடுவதிலும் சண்டை பிடிப்பதிலும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்களை மிஞ்ச முடியாது.

கிரிக்கெட் ஆடும் பையன்கள் இடம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அவர்கள் எழுந்திருக்கும் நேரத்துக்கு இவர்கள் டீ குடித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். பூப்பந்துக்கு அணிக்கு ஐந்து பேர், இரண்டு அணிக்குப் பத்து பேர். உங்கள் தெருவில் பத்துக் கையெழுத்து சேர்த்து, எந்தப் பள்ளி மைதானம், எந்த நேரம் என்று தெளிவாக எழுதி, இந்தத் திங்களே கொடுத்துவிடுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.