கரண்ட் போகிற ஊருக்கு எந்த கெர்னல்?

லினக்ஸ் கெர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்து பார்க்கும் மாணவர்களில் பலர் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. 'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டினால் நீலத்திரையில் நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் 'பவர் மேனேஜ்மென்ட் அண்ட் ஏசிபிஐ ஆப்ஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். சவுண்ட், வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்ப்பவர்கள் இதை மட்டும் 'வந்தது வந்தபடி இருக்கட்டும்' என்று தாண்டி விடுகிறார்கள். வைஃபை வராவிட்டால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். இந்தப் பக்கத்தில் செய்த தப்பு கரண்ட் போகிற அன்றைக்குத்தான் தெரியும்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்கள் இதைத் தாண்டிப் போவதுதான் பெரிய வேடிக்கை. கரண்ட் போவது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2008 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருந்த தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு அமலானது. அந்தக் கட்டுப்பாடு முழுசாக நீங்க 2015 ஆகிவிட்டது. 2012 கடைசியில் நிலைமை உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு 2 மணி நேரம் வெட்டு, மற்ற மாவட்டங்களில் 12 மணி நேரத்துக்கும் மேல். ஓசூர் சிப்காட்டில் பெரிய கம்பெனிகள் ஜெனரேட்டர் போட்டு ஓட்டின. மூக்கண்டப்பள்ளி, பாகலூர் ரோடு பக்கத்துச் சின்னப் பட்டறைகளுக்கு டீசல் விலை கட்டுப்படியாகுமா?

இப்போது அந்த நிலைமை இல்லை, உண்மைதான். ஆனாலும் கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று அடித்தால் போதும், மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் வந்தால் போதும். கம்ப்யூட்டருக்கு 14 மணி நேர வெட்டும் ஒன்றுதான், 14 நிமிட வெட்டும் ஒன்றுதான். சேமிக்காத வேலை இரண்டிலும் போய்விடும்.

இந்த ஊர்களுக்கு அந்தப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டிய விஷயம் ஹைபர்னேஷன். அதற்கும் சஸ்பெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடத்திலும் உண்டு என்பதால் கொஞ்சம் விளக்கிவிடலாம். சஸ்பெண்ட் என்றால் பிராசசர், டிஸ்க், திரை எல்லாம் நின்றுவிடும், ரேமுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் பேட்டரி தீரும் வரை அது தாங்கும். டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் தீர்ந்ததும் கதை முடிந்தது. ஹைபர்னேஷன் என்றால் ரேமில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப் இடத்தில் எழுதிவிட்டு மெஷின் முழுசாக அணைந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு வாட்கூட வேண்டாம். இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வந்தாலும் பொத்தானை அழுத்தினால் பாதியில் நின்ற வரி அப்படியே திரையில் இருக்கும். மின்வெட்டு ஊருக்காகவே யோசித்துச் செய்தது போல இல்லை?

ஆனால் நடந்தது என்ன? 2012 ஏப்ரலில் உபுண்டு 12.04 வந்தது. அதில் ஹைபர்னேட் என்ற தேர்வை மெனுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பல மெஷின்களில் அது ஒழுங்காகத் திரும்பி எழுவதில்லை, பயனருக்குத் தகவல் இழப்பு வருகிறது என்பது காரணம். நியாயமான காரணம்தான். கரண்ட் போகவே போகாத நாட்டில், சரியாக வேலை செய்யாத ஒரு வசதியை மறைத்து வைப்பது புத்திசாலித்தனம். ஆனால் அதே 2012-இல்தான் தமிழ்நாட்டில் வரலாறு காணாத மின்வெட்டு. எந்த வருடம் இங்கே அந்தப் பொத்தான் மிகவும் தேவைப்பட்டதோ அந்த வருடமே அது காணாமல் போனது. யாரும் சதி செய்யவில்லை. முடிவெடுத்தவர்களின் மேஜையில் கிருஷ்ணகிரி மாவட்டம் இல்லை, அவ்வளவுதான்.

கதை அதோடு நிற்கவில்லை. உபுண்டு 17.04-இல் தனி ஸ்வாப் பார்ட்டிஷனுக்குப் பதில் ஸ்வாப் ஃபைல் வந்தது. அதன் அளவு 2 ஜிபியைத் தாண்டாதபடி வைத்தார்கள். 8 ஜிபி ரேம் உள்ள மெஷினின் நினைவை 2 ஜிபிக்குள் திணிப்பது படி அரிசியை ஆழாக்கில் அளப்பது போல. 2019 நவம்பரில் வந்த 5.4 கெர்னலில் 'லாக்டவுன்' என்ற பாதுகாப்பு வசதி சேர்ந்தது. செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் உபுண்டு, ஃபெடோரா போன்றவை லாக்டவுனையும் சேர்த்தே ஆன் செய்துவிடும். அப்போது ஹைபர்னேஷன் தடை. டிஸ்க்கில் எழுதி வைத்த நினைவை யாராவது திருத்திவிட்டால் கெர்னலுக்குள்ளேயே நுழைந்துவிடலாமே என்ற பயம். இதுவும் நியாயம்தான். மூன்று முடிவுகள், மூன்றுக்கும் நல்ல காரணம், ஆனால் மூன்றும் சேர்ந்து சூளகிரியில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கும் பையனின் வேலையைக் காணாமல் அடிக்கின்றன. 'டிஃபால்ட்' என்பது நடுநிலை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டிஃபால்ட் என்பதும் யாரோ, எங்கோ, தங்கள் ஊரை நினைத்து எடுத்த முடிவுதான்.

கெர்னலைக் கட்டும்போது இதில் செய்ய வேண்டியது அப்படி ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஸ்வாப் சப்போர்ட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹைபர்னேஷன் என்ற வரியே பட்டியலில் வராது. ஹைபர்னேஷனுக்கு 'ஒய்' கொடுக்க வேண்டும். எழும்போது எந்தப் பார்ட்டிஷனில் போய்த் தேட வேண்டும் என்பதை அங்கேயே எழுதலாம், அல்லது பூட் வரியில் 'ரெஸ்யூம்=' என்று தரலாம். இனிட்ராம்எஃப்எஸ் பயன்படுத்தினால் அதற்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தூங்கப் போவது ஒழுங்காக நடக்கும், எழும்போது புதிதாக பூட் ஆகி நிற்கும், 'லினக்ஸே மோசம்' என்று தீர்ப்பும் வந்துவிடும். ஸ்வாப் ரேம் அளவுக்கு இருந்தால் கவலையில்லை. கெர்னல் தானாகவே அந்தப் படிமத்தை ரேமில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குள் சுருக்கப் பார்க்கும் என்பதால் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பல சமயம் ஓடிவிடும். கூடவே பவர் மேனேஜ்மென்ட் டீபக் என்ற தேர்வையும் போட்டுக்கொண்டால் 'பிஎம்_டெஸ்ட்' என்ற ஃபைல் கிடைக்கும். உண்மையாகத் தூங்க வைக்காமல், பிராசஸ்களை உறைய வைப்பது மட்டும், டிரைவர்களை நிறுத்துவது மட்டும் என்று படிப்படியாகச் சோதித்து, எந்த டிரைவர் மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

சிபியு ஃப்ரீக்வன்சி கவர்னர் எது, டைமர் நொடிக்கு 100 தடவை அடிக்க வேண்டுமா 1000 தடவையா என்றெல்லாம் மணிக்கணக்காகச் சண்டை போடுபவர்கள் உண்டு. அதில் கிடைக்கும் லாபம் பேட்டரியில் கொஞ்ச நேரம், சில மெஷின்களில் அதுவும் இல்லை.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை 3 ஜிபி எழுதுவதால் இன்றைய எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே, சஸ்பெண்ட் போதாதா என்கிறார்கள். புது லேப்டாப் பலவற்றில் பழைய ஆழ்ந்த சஸ்பெண்டையே எடுத்துவிட்டு அரைத்தூக்கத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். அதில் பேட்டரி இன்னும் வேகமாகக் கரைகிறது. மூன்று வருடம் உழைத்த பேட்டரிக்கு ஒரு ராத்திரி தாங்குமா என்பதே சந்தேகம். முதலில் சஸ்பெண்ட், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஹைபர்னேட் என்ற ஏற்பாடு 2018-இலேயே சிஸ்டம்டியில் வந்துவிட்டது. ஆனால் கீழே ஹைபர்னேட் ஒழுங்காக இருந்தால்தான் அதுவும் நடக்கும். செக்யூர் பூட் வாதம் மட்டும் வலுவானது. வங்கியில், ஆஸ்பத்திரியில் இருக்கும் லேப்டாப்புக்கு லாக்டவுன் இருக்கட்டும். ஹாஸ்டல் அறையில் ப்ராஜெக்ட் செய்பவருக்கு எது பெரிய ஆபத்து, படிமத்தைத் திருத்தும் திருடனா, சாயங்காலம் ஆறு மணிக்குப் போகும் கரண்டா? அதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

அதற்காக ஓசூரில் எல்லா மெஷினுக்கும் ஹைபர்னேஷன் போடு என்று சொன்னால் அதுவும் தப்பு. பழைய லேத் ஒன்றை வாங்கி, ஸ்டெப்பர் மோட்டார் மாட்டி, லினக்ஸ்சிஎன்சி போட்டு ஓட்ட நினைக்கும் பட்டறைக்காரர் இதே பக்கத்துக்கு வந்தால் நேர் எதிராகச் செய்ய வேண்டும். பேரலல் போர்ட் வழியாக மென்பொருளே பல்ஸ் அனுப்பும் அமைப்பில் சில பத்து மைக்ரோநொடிக்கு ஒரு தடவை தவறாமல் வேலை நடக்க வேண்டும். பிராசசர் நடுவில் ஆழ்ந்து தூங்கிவிட்டு எழுந்தால் அந்த நேரம் பிசகும், மோட்டார் ஒரு படி தவறும், பீஸ் ஸ்கிராப். அங்கே சி-ஸ்டேட், ஃப்ரீக்வன்சி மாற்றம் எல்லாவற்றையும் மூடிவிட்டு, பிராசசர் சூடாகிறதே என்று வருத்தப்படாமல் ஃபேனை நன்றாகப் போட வேண்டியதுதான். கரண்ட் போனால் பல்ஸும் போச்சு, மோட்டாரும் போச்சு, அந்த வேலையைத் தூங்க வைத்து எழுப்ப முடியாது. ஒரே தெருவில் ஒரே கெர்னலுக்கு இரண்டு எதிரெதிர் விடை.

மூன்றாவது விடை இந்த மாவட்டத்தின் புதுப் பிழைப்பில் இருக்கிறது. 1980 வாக்கில் மொபெட் செய்ய ஆரம்பித்த ஓசூரில் இன்று டிவிஎஸ் ஐக்யூப் வருகிறது. ஏத்தர் 2021-இல் தொழிற்சாலையை ஓசூருக்குக் கொண்டுவந்தது. அதே வருடக் கடைசியில் போச்சம்பள்ளி ஓலா தொழிற்சாலையின் ஸ்கூட்டர்கள் வாடிக்கையாளர் கைக்குப் போக ஆரம்பித்தன. 2020 ஜனவரியில் வந்த ஏத்தர் 450எக்ஸ் டேஷ்போர்டில் ஓடுவது ஆண்ட்ராய்டு, அதாவது அடியில் லினக்ஸ் கெர்னல். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனபின் இப்படி ஒரு டேஷ்போர்டு தூங்க வேண்டும். திருடன் அசைத்தால், போனிலிருந்து அழைப்பு வந்தால் எழ வேண்டும். தேவையில்லாமல் விழித்தே கிடந்தால் நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி சும்மாவே இறங்கும்.

இதற்கான தேர்வுகளும் அந்த யாரும் பார்க்காத பக்கத்திலேதான் இருக்கின்றன. 'ஆப்பர்சூனிஸ்டிக் ஸ்லீப்', 'வேக்லாக்' என்று பெயர். இவை வந்த கதையே ஒரு சண்டைக் கதை. விழித்திருக்கக் காரணம் ஏதும் இல்லை என்றால் உடனே தூங்கு என்பது ஆண்ட்ராய்டின் வழி. கூகுள் ஆட்கள் அந்த மாற்றங்களை 2009, 2010-இல் கெர்னல் குழுவிடம் நீட்டியபோது மெயிலிங் லிஸ்ட்டில் மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. கடைசியில் ரஃபேல் வைசாக்கி வேறு வடிவில் எழுதிய தீர்வு 2012 ஜூலையில் 3.5 கெர்னலில் சேர்ந்தது. அந்த விவாதம் முழுக்க இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடப்புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது.

இங்கேதான் கல்லூரிகள் மேல் கோபம் வருகிறது. பர்கூரிலிருந்து ஓசூர் வரை பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபில் கெர்னல் கம்பைல் செய்யச் சொன்னால் 'டெஃப்கான்ஃபிக்' போட்டு, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டை ரெக்கார்டு நோட்டில் ஒட்டினால் கையெழுத்து கிடைத்துவிடும். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்ச் சமையல் போட்டியில் கலந்துகொள்வது மாதிரி :-) ஒரு மதியம் முழுக்க அந்த ஒரே பக்கத்தை மட்டும் எடுத்து, ஆளுக்கொரு மெஷினைத் தூங்க வைத்து எழுப்பச் சொன்னால் டிரைவர், ரேம், டிஸ்க், பூட் என்று பாதி சிலபஸ் முடிந்துவிடும். பத்து கிலோமீட்டரில் இருக்கும் தொழிற்சாலைக்கு வேண்டியது இந்த வேலை தெரிந்த ஆள். அவரைப் பெங்களூரில் தேடுகிறார்கள், இங்கே படித்தவர்களோ அத்திப்பள்ளி தாண்டிப் போய் டெஸ்டிங் வேலை பார்க்கிறார்கள்.

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. பாஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியனை ஒட்டியது. வெளியூர்க்காரர் எடுத்த டிஃபால்ட்டை மாற்றும் உரிமையும் திறமையும் தமிழ்நாட்டிலேயே இருந்தன என்று அர்த்தம். 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவிப்பு வந்தது. இப்படி வாங்கும்போது டெண்டரில் எத்தனை ஜிபி ரேம், எத்தனை அங்குலத் திரை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதோடு ஒரு வரி சேர்த்தால் போதும்: பேட்டரி 5 சதவீதத்துக்கு இறங்கியதும் மெஷின் தானாக ஹைபர்னேட் ஆகி, மறுபடி ஆன் செய்தால் திறந்திருந்த கோப்பு அப்படியே வர வேண்டும், லினக்ஸிலும். கம்பெனிக்காரர் கொண்டுவரும் சாம்பிள் மெஷினில் அதைச் சோதித்துப் பார்க்க பேட்டரி இறங்குகிற நேரம் போகப் பத்து நிமிடம் ஆகும்.