அணைந்த விளக்கிலும் மின்சாரம் இருக்கும்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கல் முதல் நத்தார் வரை, வன்னியில் லைற் சோடனை இல்லாத கொண்டாட்டம் அரிது. விளக்குகளை மாறி மாறி எரியவைப்பது ஒரு காலத்தில் சோடனைக்காரரின் வித்தையாக இருந்தது. புரோகிராம் செய்யக்கூடிய ஆர்டுயினோ பலகையும் ரிலே எனும் மின்சுவிட்சும் வந்தபின் அது பள்ளி மாணவருக்கும் கைகூடும் வேலையாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இயங்கும் மண்ணில் இந்த ஆர்வம் வரவேற்கத்தக்கது. ஆனால், பலகை 5 வோல்ற்றில் இயங்குவதால் முழு அமைப்புமே ஆபத்தற்றது என்று எண்ணுவது தவறு.

ரிலேக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் சுருள். மறுபக்கம் 230 வோல்ற் மின்சாரம் பாயும் தொடுமுனைகள். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு முனை சுமார் 20 மில்லிஅம்பியர் தரும். சிறிய 5 வோல்ற் ரிலேயின் சுருளோ சுமார் 70 மில்லிஅம்பியர் கேட்கும். அதனால்தான் ரிலே பலகையில் ட்ரான்சிஸ்டரும், சுருள் விடுபடும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை அடக்க டையோடும் இருக்கின்றன. சுருள் காந்தமாகித் தொடுமுனையை இழுக்கிறது. இரு பக்கங்களையும் இணைக்கும் கம்பி கிடையாது. அந்த இடைவெளிதான் பாதுகாப்பு. மலிவான பலகைகளில் அது சில மில்லிமீற்றர்தான். பலகையின் அடியில் ஈயம் பற்றவைத்த இடங்கள் மூடாமலே இருக்கும்.

அடுத்தது, பலரும் கவனிக்காத விடயம். ரிலேயை உயிர்க்கம்பியில் போடவேண்டும். நடுநிலைக் கம்பியில் போட்டால் விளக்கு அணையும். ஆனால் விளக்கு மாலை முழுவதிலும் 230 வோல்ற் நிற்கும். இரண்டு முனைப் பிளக்கைத் திருப்பிச் செருக முடிந்தால், சரியாகப் போட்ட ரிலேயும் தவறான கம்பிக்கு மாறிவிடும். மலிவான எல்இடி மாலைகள் பலவற்றில் மின்மாற்றியும் இல்லை. அதனால், ஈர நிலத்தில் நின்று, தோல் உரிந்த வயரைத் தொடுபவரின் உடல் வழியே மின்சாரம் நிலத்துக்குப் பாயும். எனவே மாலையைத் தொடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். புரோகிராமில் அணைத்தது போதாது.

ரிலே தேயும் பொருளும்கூட. இத்தகைய ரிலேயின் தொடுமுனைகள் முழுச்சுமையில் ஏறத்தாழ 1,00,000 தடவை இயங்கும் என்பது வழக்கமான கணக்கு. விநாடிக்கு ஒருமுறை மின்னவைத்தால் 28 மணித்தியாலத்தில் அந்த எண்ணிக்கை முடிந்துவிடும். சுமை சிறிதென்றால் கூடுதலாக உழைக்கும். ஆனால் தேய்ந்த தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால், பலகை அணைக்கச் சொன்னாலும் விளக்கு அணையாது. வேகமாக மின்னவைக்கத் தொடுமுனை இல்லாத திண்மநிலை ரிலே பொருத்தமானது. அதிலும் அணைத்த நிலையில் சிறிது மின்சாரம் கசியும். எல்இடிகள் மங்கலாக ஒளிரலாம்.

மாணவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது 12 வோல்ற் எல்இடி பட்டிகளையே. தரமான அடப்ரரும் மொஸ்பெற் எனும் ட்ரான்சிஸ்டரும் இருந்தால் ஓடவிடலாம், மின்னவிடலாம், மங்கவும் விடலாம். 230 வோல்ற் மாலைதான் வேண்டுமென்றால் மூடிய பிளாஸ்ரிக் பெட்டி, பியூஸ், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஆகியவை கட்டாயம். ட்ரிப் சுவிட்ச் நிலத்துக்குக் கசியும் மின்சாரத்தை மட்டுமே உணரும். இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் தொட்டவரை அது காக்காது.

ஆலய பரிபாலன சபையினரே, ஆசிரியர்களே, புரோகிராமைப் பிள்ளைகளிடம் விடுங்கள். 230 வோல்ற் இணைப்பைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள்.