பனி தந்த பாடம்

மார்கழி பிறந்துவிட்டது. எங்கள் முதலிபாளையத்தில் விடியற்காலை வாசல் தெளிக்கும்போது லேசாகக் குளிரும், அவ்வளவுதான். அதற்கே பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் காதை மூடித் துண்டு கட்டிக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். நான் வளர்ந்த இடம் அப்படி!

போன வாரம் நூலகத்திலிருந்து ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ எடுத்து வந்தேன். நீலகிரியில் வாழ்ந்த நாட்களில் படகர் மக்களோடு பழகி எழுதிய நாவல். சாமையும் ராகியும் விளைந்த மண்ணில் தேயிலை வந்த கதை. பிசிறு வெட்ட வந்த துணி மூட்டையாகக் கிடக்க, நான் ராத்திரி பதினொரு மணி வரை படித்தேன். “என்ன, அழுகிறியா?” என்றார் வீட்டுக்காரர். கதைக்காக அழவில்லை.

ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் அப்பா குத்தகைக்குக் காடு பிடித்து உருளைக்கிழங்கு போட்டிருந்தார். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். மேகம் இருந்தால் பயமில்லை. வானம் துடைத்த மாதிரி இருந்து, காற்றும் அசையாமல் நின்றால், “இன்னைக்கு விழுகும் அம்மிணி” என்பார் அப்பா. விடிந்தால் பள்ளத்துப் புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல வெள்ளை. வாளித் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஏடு. பனி படிந்த செடிமேல் வெயில் பட்டால் வெந்நீர் ஊற்றியதுபோல இலை கருகிவிடும். அதனால் சூரியன் வருமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவ வேண்டும். அம்மாவின் கைவிரல் எல்லாம் வெடித்திருக்கும்.

எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நாலு. ஒரு ராத்திரி குளிர் தாங்காமல் அம்மா இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைக் கனலவிட்டு உள்ளே வைத்து, கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டார். நாலு மணிக்குத் தண்ணீர் தெளிக்க எழுந்தவருக்குத் தலை சுற்றியது. எப்படியோ கதவைத் திறந்தார். நான் வாந்தி எடுத்தேன். தம்பி எழவே இல்லை! அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிழைத்துக்கொண்டான். அன்றைக்குக் காட்டுக்கு யாரும் போகவில்லை. கடைப்போகம் முழுவதும் கருகிப் போயிற்று. அடுத்த வருஷம் மூட்டை கட்டித் திருப்பூர் வந்து சேர்ந்தோம்.

கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. புகை இல்லையே என்று ஏமாந்துவிடக் கூடாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

இந்த விடுமுறைக்கு என் மகள் தோழிகளோடு ஊட்டி போகிறாள். சமைத்த கரி அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர்விட்டவர்கள் மலையில் உண்டு. “கம்பளி எத்தனை வேண்டுமானாலும் கொண்டு போ, நெருப்பு மட்டும் அறைக்குள் வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சகோதரிகளே.

போன விளைச்சலைப் பற்றிக் கடைசிவரை அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. தம்பியின் தலையைத் தடவி, “நம்ம வெள்ளாமை இவன்தான்” என்பார்.