மலையில் காட்டேஜ்: நிலம் விற்ற பணம் பத்திரம்

மூலக்குளம் பக்கம் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகிவிட்டன. நகராட்சியின் பெயரில் மட்டும் 'உழவர்கரை' நிற்கிறது. நிலம் விற்ற விவசாயியிடம், "கொடைக்கானலில் காட்டேஜ் வாங்குங்கள், மாதாமாதம் வாடகை" என்று தரகர் வந்து நிற்கிறார்.

மாதாமாதம் வருமா? ஏப்ரல், மே சீசன் முடிந்தால் பண்டிகை விடுமுறையும் வார இறுதியும்தான். சீசனுக்கும் வரம்பு வந்துவிட்டது. 2024 மே 7 முதல் உதகை, கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் அளவு வைத்தது.

அனுமதிச் சிக்கல் இதைவிடப் பெரிது. விதி மீறிய விடுதிகள் கொடைக்கானலில் சீல் வைக்கப்பட்டன. நீலகிரி யானை வழித்தட விடுதிகளுக்கு எதிரான தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கட்டடம் போனால் கடன் மட்டும் மிஞ்சும்.

வரியையும் பாருங்கள். விளைச்சல் வருமானத்துக்கு வருமான வரி இல்லை, வாடகைக்கு உண்டு. நகராட்சி எல்லைக்குள் விளைநிலம் விற்ற லாபத்துக்கும் வரி உண்டு. விற்பதற்கு முன் இரண்டு ஆண்டு பயிர் செய்த நிலமாக இருந்து, இரண்டு ஆண்டுக்குள் வேறு விளைநிலம் வாங்கினால் அந்த அளவுக்கு விலக்கு கிடைக்கும். காட்டேஜுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

வாங்கியே தீருவோம் என்பவர்கள் பட்டா, வில்லங்கச் சான்று, விடுதி நடத்தும் அனுமதி மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை நேரில் போய், எத்தனை அறையில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். முன்பணம் அதன் பிறகு.