மருந்துக்கு யார் சொந்தக்காரர்?

"அறிவுச் சொத்து" என்பது பற்றி உலகத்தில் நடந்துவரும் வாதத்தில், ஏழை நாடுகள் பிறர் மூளையைத் திருடிப் பிழைக்கின்றன என்று பணக்கார நாடுகள் குற்றஞ்சாட்டுவது வழக்கமாய்ப் போய்விட்டது. அமெரிக்க சர்க்கார் வெளியிடும் கண்காணிப்புப் பட்டியலில் இந்தியாவின் பெயரும் பல ஆண்டுகளாக இடம்பெற்று வந்திருக்கிறது. இக்குற்றச்சாட்டின் யோக்கியதையை வாசகர்கள் நடுநிலையிலிருந்து யோசித்துப் பார்க்க விரும்புகிறோம்.

ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் "கிளீவெக்" என்னும் மருந்தை எடுத்துக்கொள்ளுவோம். சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் கம்பெனி விற்றபோது அதற்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆயிற்று. அதையே நம் நாட்டுக் கம்பெனிகள் சுமார் 10,000 ரூபாய்க்குள் கொடுத்தன. நம் கம்பெனிக்காரர்கள் தர்மத்துக்கு மருந்து செய்கிறவர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அவர்களும் லாபக்காரர்கள்தான். போட்டி இருந்ததாலேயே விலை இறங்கிற்று.

1970ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்து செய்யும் முறைக்குப் பேட்டண்டு உண்டேயொழிய மருந்துக்குக் கிடையாது. உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2005இல் மருந்துக்கும் பேட்டண்டு கொடுக்க நேர்ந்தது. ஆனால், தெரிந்த மருந்தையே உருமாற்றிக் கொண்டுவந்தால், அதன் குணம் உயர்ந்திருப்பதைக் காட்டினாலொழியப் பேட்டண்டு இல்லை என்றும் சட்டத்தில் எழுதப்பட்டது. அதனால் கிளீவெக் மனுவைச் சென்னைப் பேட்டண்டு ஆபீசு 2006இல் தள்ளிற்று. அந்த விதியே செல்லாது என்ற வழக்கைச் சென்னை ஹைக்கோர்ட்டு 2007இல் தள்ளிற்று. கடைசியாக 2013இல் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனிக்குப் பேட்டண்டு இல்லையென்று தீர்ப்புச் சொல்லிற்று.

பாடுபட்டுக் கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டியதுதான். ஆனால் பேட்டண்டு என்பது ஆகாயத்திலிருந்து விழுந்த உரிமையல்ல. ஜனங்களின் நன்மைக்காக ஜனசமூகம் 20 வருஷத்துக்குக் கொடுக்கும் சலுகையேயாகும். அச்சலுகையே ஜனங்களைக் கொல்லுமானால் அதை ஏன் திருத்தக்கூடாது?

இன்று உபதேசம் செய்கிறவர்கள் நேற்று எப்படி நடந்தார்கள்? சுவிட்சர்லாந்தில் 1907 வரை ரசாயன முறைகளுக்குப் பேட்டண்டு கிடையாது. நோவார்டிசின் முன்னோர்களான பாசல் நகரத்துச் சாயக் கம்பெனிகள் அந்தச் சுதந்திரத்தில் வளர்ந்தவைகளே. அமெரிக்காவோ 1891 வரை அன்னிய நாட்டு நூலாசிரியர்களுக்குப் பதிப்புரிமையே கொடுக்கவில்லை. தாங்கள் கரையேறிய பின் ஓடத்தைக் கட்டி வைத்துக்கொண்டு, அக்கரையில் நிற்பவனைத் திருடன் என்பது என்ன நியாயம்?

2001இல் தோஹாவில் கூடிய நாடுகள், இவ்வொப்பந்தம் பொதுஜன சுகாதாரத்துக்குத் தடையாயிருக்கக்கூடாதென்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்த உரிமையை எந்த வர்த்தக ஒப்பந்தத்துக்காகவும் சர்க்கார் விட்டுக்கொடுக்கக்கூடாது. அத்துடன், புதிய மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு நம் பணத்தையும் தாராளமாய்ச் செலவிட வேண்டும். பிறர் கண்டுபிடிப்பதற்காகவே காத்துக்கிடப்பதும் நமக்கு மானமல்ல என்பதே நமது அபிப்பிராயம்.