'போர்டு போச்சு' என்றார் மெக்கானிக்!

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, 'துணி காயவைக்கக்கூட மிஷினா? வெயில் சும்மா கிடைக்கிற நாட்டில் டிரையர் வாங்குவது சோம்பேறித்தனம், வீண் ஜம்பம்' என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், எங்கள் வீட்டில் டிரையர் இருக்கிறது. ஜம்பத்துக்கு வாங்கியதல்ல.

எங்களுக்குக் கடலூர் மாவட்டம், விருத்தாசலம் பக்கம் நல்லூர். சித்திரை, வைகாசியில் இங்கே அடிக்கிற வெயிலுக்குத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். அப்போதெல்லாம் டிரையர் பக்கமே நான் போவதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை என்று ஒன்று இருக்கிறதே!

2023-ல் என் மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையாகிவிட்டார். எல்லாமே படுக்கையில்தான். ஒரு நாளைக்கு நாலு விரிப்பு, ஐந்து விரிப்பு மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் வீடு முழுக்கக் கொடி கட்டி, ஃபேனுக்கு அடியில் காயப்போட்டும் ஈரம் போகாது. வேறு வழியில்லாமல் அரைக்காய்ச்சல் விரிப்பையே விரித்தேன். விளைவு, முதுகின் அடியில் சிவந்து, தோல் உரிந்து, புண். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்சம்மா பார்த்துவிட்டு, "ஈரம் பட்டுக்கிட்டே இருந்தா தோல் ஊறிப்போயிடும்மா. மருந்து அப்புறம். முதல்ல காஞ்ச துணி போடுங்க" என்றார். இதைக் கேட்டு என் கொழுந்தனார்தான் டிரையர் வாங்கிப் போட்டார். புண் ஆறியது. அந்த மிஷினுக்குப் பொட்டு வைத்து ஆயுத பூஜையே போட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, அந்த வாரம்தான் அது காலை வாரியது. கரண்ட் திரும்பி வந்ததும் சேர்ந்து கிடந்த விரிப்புகளைப் போட்டேன். எப்போதும் முக்கால் மணிக்கு மேல் ஓடுவது, கால் மணியில் 'டிங்' என்று நின்றுவிட்டது. திறந்தால் துணி சூடாக இருக்கிறது, ஆனால் ஈரம். மறுபடி போட்டாலும் அதே கதை. மூன்றாம் நாள் அத்தையின் முதுகில் பழைய இடத்திலேயே சிவப்பு கண்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

டவுனிலிருந்து மெக்கானிக் வந்தார். ஐந்து நிமிடம் பட்டனை அமுக்கிப் பார்த்தார். "போர்டு போச்சும்மா. எட்டாயிரத்து ஐந்நூறு ஆகும். வர இருபது நாள் ஆகும்" என்று சொல்லி, வந்து போன கூலி 450 ரூபாயை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரர், "சரி, ஆர்டர் போட்டுடலாம். நீ அதுல கைய வைக்காத, ஷாக் அடிச்சுத் தொலைக்கும்" என்றார்.

இருபது நாள்! புண் இருபது நாள் பொறுக்குமா?

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. விருத்தாசலம் என்றால் பீங்கான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியர் செய்யும் ஒரு பட்டறையில் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். அச்சில் வார்த்த பச்சைச் சாமானை நன்றாகக் காயவைத்துத்தான் சூளையில் அடுக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி, சாமான் டப்பென்று வெடித்துவிடும். காய்ந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க எங்களிடம் என்ன மீட்டரா இருந்தது? எங்கள் மேஸ்திரி அக்கா சாமானை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். நானும் அப்படித்தான் பழகினேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது இதுதான் மண்டையில் ஓடியது. நமக்குக் கன்னம் இருக்கிறது; இந்த மிஷினுக்கு எது கன்னம்? துணி காய்ந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

காலையில் கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். அவர் இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். டிரம்மின் வாய்ப்பக்கம், பஞ்சு சேரும் வலைக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு இரண்டு உலோகப் பட்டை இருக்கும். அதுதான் சென்சார். ஈரத்துணி சுற்றும்போது இரண்டு பட்டையையும் சேர்த்துத் தொடும். ஈரத்தின் வழியாக ஒரு துளி மின்சாரம் இந்தப் பட்டையிலிருந்து அந்தப் பட்டைக்குப் போகும். துணி காயக் காய அது குறையும். குறைந்ததும், 'காய்ந்துவிட்டது' என்று மிஷின் நின்றுவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். காய்ந்த பீங்கானில் கரண்ட் பாயாது, ஈரத்தில் பாயும் என்பதைச் சோறாகத் தின்றவள் நான். எனக்கா புரியாது?

முதலில் 'ஆட்டோ'வை விட்டுவிட்டு, நேரத்தை நாமே வைக்கும் முறையில் ஒரு மணி நேரம் வைத்து ஓட்டினேன். விரிப்பு அப்பளம் மாதிரி காய்ந்து வந்தது. அப்படியானால் சூடு சரி, காற்று சரி, மோட்டார் சரி. ஈரத்தை உணர்வதில்தான் கோளாறு. அத்தைக்கு அன்றைய விரிப்பும் கிடைத்துவிட்டது. இதை அந்த மெக்கானிக்கே சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை போலும்.

பக்கத்து வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்கிறாள். அவளை மீட்டரோடு கூப்பிட்டேன். பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கினோம். (சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள்.) ஈரத்துணியை இரண்டு பட்டையின் மேலும் படிய வைத்து, மீட்டரின் முள்ளைப் பட்டைகளின் நுனியில் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. "பெரியம்மா, பட்டை மேல என்னமோ பூசின மாதிரி இருக்கு பாருங்க" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால், மெழுகு தடவினாற்போல மங்கலாக ஒரு ஏடு!

அந்த ஏடு வந்த விதத்தை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூத்திர வாடை போகவேண்டுமே என்று, துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தை ஒரு மூடிக்குப் பதில் இரண்டு மூன்று மூடி ஊற்றிக்கொண்டிருந்தேன். அது துணியில் மட்டும் ஒட்டுவதில்லை, பட்டையிலும் ஒட்டும். போதாக்குறைக்கு எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். குடத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு இங்கேயும் படிந்திருக்கிறது. பீங்கானுக்கு கிளேஸ் பூசுவது போல நானே சென்சாருக்கு கிளேஸ் பூசி வைத்திருக்கிறேன்! துணி ஈரமாக இருந்தும் கரண்ட் பாயவில்லை. பாயாததால் மிஷின் காய்ந்துவிட்டதாக நினைத்து நின்றிருக்கிறது. பாவம், அதன் மேல் குற்றமே இல்லை.

அத்தையின் புண்ணுக்கு வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட் வீட்டிலேயே இருந்தது. பஞ்சில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். நாலு பஞ்சு பழுப்பாக வந்தது. ஓரத்தில் விடாப்பிடியாக இருந்த உப்புக்கு வினிகர் தொட்டுத் துடைத்தேன். கம்பி நாரால் தேய்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. பட்டையில் கீறல் விழும் என்று அந்தப் பெண் தடுத்துவிட்டாள். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது. அதனால் கதவைத் திறந்துவைத்து வாடை முழுக்கப் போன பிறகுதான் பிளக்கைச் சொருகினோம். அதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்தாளே, ஈரத்துணி பட்டதும் முள் துள்ளியது. நான் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டிவிட்டேன்.

ஆனாலும் முதல் தடவை விரிப்பில் நடுவே கொஞ்சம் ஈரம் இருந்தது. பெரிய விரிப்பு சுருண்டு பந்தாகிவிடுகிறது. பந்தின் வெளிப்பக்கம் காய்ந்து, அதுதான் பட்டையில் படுகிறது. இதற்கு மருந்து, பாதியில் நிறுத்தி ஒருமுறை உதறிப் போடுவதுதான். ஒரே ஒரு துணியைப் போட்டாலும் சரியாகப் பட்டையில் படாது. கூட ரெண்டு துண்டைப் போடுங்கள். பஞ்சு வலையை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்யுங்கள். டிரையர் வீட்டுக்கு வீடு இருக்கும் அமெரிக்காவில், அது தீப்பிடிப்பதற்கு முதல் காரணமே சுத்தம் செய்யாமல் விடுவதுதானாம்.

எல்லா மெக்கானிக்கையும் நான் குறை சொல்லவில்லை. வயர் அறுந்தோ, போர்டே போயோ இருந்தால் அவர்கள்தான் வேண்டும். பின்பக்க மூடியைக் கழற்றும் வேலையை நானும் செய்யமாட்டேன். என் ஆத்திரமெல்லாம் வேறு. தினம் நாலு தடவை மிஷினை ஓட்டுவது நான். பஞ்சு எடுப்பது நான். பழுதானால் மட்டும், 'நீ கைய வைக்காத' என்பதா? தமிழ்நாட்டில் விற்கிற கம்பெனிகள், 'இந்த இரண்டு பட்டையை மாதம் ஒருமுறை துடையுங்கள்' என்று தமிழில் ஒரு வரி, ஒரு படம் போட்டால் குறைந்தா போவார்கள்? புத்தகத்தில் இருக்கிறது, யாருக்குப் புரியாதோ அவர்களுக்குப் புரியாத மொழியில்.

என்னைச் சுருக்கென்று குத்திய அந்தச் சகோதரிக்கு: வெயில் காலத்தில் உங்கள் கட்சிதான் நானும். கார்த்திகை அடைமழையில், படுக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள்.

தை பிறப்பதற்குள் அத்தைக்குச் சிவப்பு மறைந்துவிட்டது. இப்போது விரிப்பை விரிக்குமுன் அவரிடம் நீட்டுகிறேன். கன்னத்தில் வைத்துப் பார்த்து, "ம்... காஞ்சிருக்குடி" என்கிறார். மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிக்கொள்ளவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும் பெரியம்மா. எங்க அம்மா மிக்ஸி ரெண்டு நாளா ஓடல, சாயந்திரம் வந்து பாருங்க" என்றாள்.

- ஒரு வாசகி, நல்லூர்.