கோடை விடுமுறை யாருக்கு விடுமுறை?

தெலங்கானாவில் பள்ளிகளுக்கு 2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை ஏப்ரல் 24 முதல் ஜூன் 11 வரை இருந்தது. எண்ணிப் பார்த்தால் 49 நாள்கள். சரியாக ஏழு வாரங்கள். அதற்கு முன்னரே, மார்ச் 15 முதல், இங்கே தெலுங்கில் 'ஒண்டிபூட்ட படுலு' என்று சொல்லும் அரைநாள் பள்ளி தொடங்கிவிட்டது. பகல் பன்னிரண்டரை மணிக்குப் பள்ளி முடிந்துவிடும். ஆக, ஹைதராபாத்தில் சிறு குழந்தையுடன் வாழும் முனைவர் பட்ட ஆய்வாளருக்குக் கோடை என்பது ஏறத்தாழ மூன்று மாதங்கள். பல்கலைக்கழக நாள்காட்டியில் இதே மாதங்களுக்கு வேறொரு பொருள் உண்டு. வகுப்புகள் ஓய்ந்து, வளாகம் அடங்கி, ஓர் இயலையாவது எழுதி முடித்துவிடலாம் என்று நெறியாளர்களும் ஆய்வாளர்களும் நம்பும் காலம் இது.

இந்த மோதலை நாம் 'பிள்ளைகளைச் சமாளிப்பது' என்ற ஒற்றைத் தொடருக்குள் அடக்கிவிடுகிறோம். சமாளிப்பது என்ற சொல்லில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. சமாளித்தவர் திறமைசாலி, சமாளிக்காதவர் திட்டமிடத் தெரியாதவர் என்பதே அது. கோடைக்காலக் குழந்தை வளர்ப்பு தனிமனிதத் திறமை சார்ந்த சிக்கலன்று, நிறுவனங்கள் கைவிட்ட ஒரு பொறுப்பு என்பதே என் வாதம்.

முன்பு இந்தப் பொறுப்பை யார் சுமந்தார்கள் என்று கேட்டால், பலரும் 'ஆச்சி வீடு' என்பார்கள். உண்மைதான். ஹைதராபாத்திலிருந்து தெற்கே செல்லும் இரயில்களில் மே மாதம் இடம் கிடைக்காமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆச்சி வீடு என்பது வெறும் இடமன்று. ஓர் உழைப்பு ஏற்பாடு. பத்துப் பேருக்குச் சோறு வடித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கிணற்றடிக்குப் போகாமல் காவலிருந்த ஆச்சியும் அத்தையும் சித்தியும் கூலியின்றிச் செய்த வேலை அது. அவர்களுள் எவரும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கவில்லை. இன்று அத்தையும் சித்தியும் வேலைக்குச் செல்கிறார்கள். ஆச்சிக்கோ முழங்கால் வலி. தமிழ்நாட்டில் 2025இல் பள்ளிகள் ஜூன் 2ஆம் தேதியே திறந்துவிட்டதால், விளையாட்டுத் துணையான பிள்ளைகளுக்கும் அத்துடன் விடுமுறை தீர்ந்துவிட்டது. 'எங்கள் காலத்தில் சமாளிக்கவில்லையா' என்று கேட்கும் மூத்த பேராசிரியர்கள், தங்கள் வீட்டில் சமாளித்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்வது நேர்மையாக இருக்கும்.

இனி விதிகளுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி, பெண் ஆய்வாளர்கள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக ஆய்வுக்காலம் முழுமைக்கும் 240 நாள்கள் வரை பெறலாம். படிப்பதற்கு நிறைவாகத் தோன்றும் இந்த எண்ணைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பாருங்கள். பணியாளர்களுக்குச் சட்டம் வழங்கும் 26 வார மகப்பேறு விடுப்பு 182 நாள்கள். ஓர் ஆய்வாளரும் அதே அளவு எடுத்துக்கொண்டால் மீதமிருப்பவை 58. ஒரு கோடைக்கு 49 நாள்கள் போனால், கையில் ஒன்பது நாள்கள் எஞ்சும். ஆய்வுக்காலத்தின் உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். ஆறு கோடைகளின் பள்ளி விடுமுறையைக் கூட்டினால் 294 நாள்கள். பிள்ளைப்பேறு ஒன்றும் நிகழாவிட்டாலும் 240 போதாது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கோ குழந்தைப் பராமரிப்புக்கென்றே பணிக்காலத்தில் 730 நாள்கள் உண்டு. பணிக்காலம் நீண்டது, ஒப்பிடலாகாது என்று சொல்லலாம். ஆனால் குழந்தை சிறியதாக இருக்கும் ஆண்டுகள் இருவருக்கும் ஒன்றே.

பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தளர்வு இருக்கிறதே என்பது அடுத்த மறுமொழி. அந்தத் தளர்வு காலத்தைத் தருகிறது, பணத்தைத் தருவதில்லை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்; முதுநிலையில் 42,000. இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். தகுதித் தேர்வுவழி உதவித்தொகை இல்லாத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். இந்நகரின் மேற்குப் பகுதியில் தனியார் காப்பகத்தில் பிள்ளையை விட விசாரித்தவர்களுக்கு அந்த 8,000 எவ்வளவு தூரம் வரும் என்று தெரியும். உதவித்தொகை நின்றபின் கிடைக்கும் காலத்தைச் சலுகை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த விதிகள் 'பெண் ஆய்வாளர்' என்றே பேசுகின்றன என்பதும் கவனத்திற்குரியது. தந்தையான ஆய்வாளருக்கு இங்கே ஒரு நாளும் இல்லை. 2024ஆம் ஆண்டுத் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். பராமரிப்பில் 137, 75. விடுப்பு விதி இந்த இடைவெளியைக் கண்டு இரங்குகிறது. ஆனால் அதைக் குறைக்க முயலவில்லை. குழந்தை தாயின் கணக்கிலேயே எழுதப்பட்டிருப்பதை உறுதிசெய்கிறது.

இவ்விடத்தில் நாம் பேசத் தயங்கும் ஒன்றையும் பேசியாக வேண்டும். வசதியுள்ள ஆய்வாளரின் தீர்வு, வீட்டுப் பணிக்கு ஓர் அக்காவைக் கூடுதல் நேரம் வரச் சொல்வது. அந்த அக்காவின் பிள்ளைக்கும் அதே 49 நாள்கள் விடுமுறை. அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது? பூட்டிய ஓரறை வீட்டில், தகரக் கூரையின்கீழ் இருக்கலாம். அல்லது, பத்து வயதுச் சிறுமியாய் அம்மாவுடன் வந்து நம் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருக்கலாம். நம் ஆய்வேட்டின் ஒரு பக்கம் அவளுடைய கோடையில் எழுதப்படுகிறது. 1969இல் தில்லியின் கட்டுமானத் தளமொன்றில் மீரா மகாதேவன் 'மொபைல் கிரஷஸ்' அமைப்பைத் தொடங்கியதற்கு இத்தகைய பிள்ளைகளே காரணம். 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தளத்தில் குழந்தைகளுக்கு அறை ஒதுக்கச் சொன்னது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், ஐம்பது பணியாளர் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. ஆய்வாளரோ ஏட்டில் மாணவர். அந்த ஐம்பதில் அவர் எண்ணப்படுவதில்லை. வீட்டுப் பணியாளர் எந்த ஐம்பதிலும் எண்ணப்படுவதில்லை.

அதுவரை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் நாற்பது பாகையைத் தொடும் ஊர் இது. பாறையும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய சூட்டை மாலையில் திருப்பித் தருகின்றன. எனவே குழந்தைக்கு வெளியுலகம் என்பது காலை ஒன்பது மணிக்கு முன்னும் அந்தி சாய்ந்த பின்னும் மட்டுமே. இடைப்பட்ட எட்டு ஒன்பது மணி நேரத்தை ஒரே வீட்டுக்குள் ஒரே ஆள் ஈடுசெய்ய இயலாது. எங்கள் குடியிருப்பில் நான்கு குடும்பங்கள் முறை வைத்திருக்கிறோம். வாரத்தில் நான்கு முற்பகல்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள், ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை. ஒரு முற்பகலைக் கொடுத்தால் மூன்று கிடைக்கும். ஏழு வாரங்களில் எழுபது மணி நேரத்துக்கும் மேல். நுங்கும் மோரும் அந்தந்த வீட்டின் பொறுப்பு. ஒரே நிபந்தனை, முறையில் தந்தையரும் நிற்க வேண்டும்.

கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டுக் குற்றவுணர்வில் வாடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரைமுன் அமரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. நல்ல வரம்பு அது. ஆனால் மற்ற நேரங்களில் குழந்தையுடன் இன்னொருவர் இருக்கிறார் என்ற அனுமானத்தின்மேல் நிற்கும் வரம்பும்கூட. அந்த இன்னொருவரை ஏற்பாடு செய்யாத சமூகம், தாயின் திரை நேரக் கணக்கை மட்டும் கேட்பது முறையன்று.

இந்த முறைவைப்பு ஓர் ஒட்டுவேலைதான். குழந்தை பெறுவது தனிப்பட்ட முடிவு, அதற்குப் பல்கலைக்கழகம் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைப்பேறு தனிமுடிவாக இருக்கலாம். பள்ளி நாள்காட்டி தனிமுடிவன்று, வெயிலும் தனிமுடிவன்று. நாற்பது பாகை வெயிலில் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவேண்டாம் என்று அரசு சொல்வது சரியே. வரவேண்டாம் என்றபின் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்பதற்கு விடை சொல்லும் கடமையும் பொதுவானதே. 'ஆய்வாளரின் நேரம் நெகிழ்வானது' என்ற வாதமும் நடைமுறையில் அவருக்கென்று உறுதியான ஒரு மணி நேரமும் இல்லை என்றே முடிகிறது. மின்னஞ்சலுக்குத் துண்டு நேரம் போதும். ஓர் இயலுக்குத் தொடர்ச்சியான மூன்று மணி நேரம் வேண்டும்.

ஆகவே நம் வளாகங்களில் நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் நான்கு. காப்பகத்துக்கான கணக்கில் ஆய்வாளர்களையும் ஒப்பந்தப் பணியாளர்களையும் எண்ண வேண்டும். அக்காப்பகம் கோடையில் மூடப்படாமல், கோடையில் கூடுதல் நேரம் இயங்க வேண்டும். பராமரிப்பு விடுப்பு மகப்பேற்றிலிருந்து தனியே பிரிக்கப்பட்டு, பால் வேறுபாடின்றி வழங்கப்பட வேண்டும். தளர்வு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தொடர வேண்டும். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் வகுப்பறைகளில் ஒன்றே ஒன்று முதல் கோரிக்கைக்குத் தொடக்கமாகப் போதும். மின்விசிறியும் தண்ணீரும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. துப்புரவுப் பணியாளரின் பிள்ளையும் ஆய்வாளரின் பிள்ளையும் ஒரே பாயில் அமரும் அறையாக அது இருக்குமானால், சமூக நீதி குறித்து நாம் எழுதும் கட்டுரைகளுக்கும் அது வலுச்சேர்க்கும். பள்ளி திறந்ததும் இந்தப் பேச்சு மறந்துவிடும். அதற்கு முன்பே உங்கள் துறையின் கோரிக்கை மனுவை எழுதத் தொடங்குங்கள்.